கப்பல் மணியும் காயலான் கடையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இம்மேடையில் நாம் வழக்கமாக மக்தப் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பற்றியோ, ஜகாத் நிதியைப் பற்றியோ பேசுவோம். இவ்வாண்டு நமது மஹல்லா இளைஞர்கள் சிலர் வேறொரு பொருளைக் கொடுத்துவிட்டார்கள். பழைய கப்பல் சாமான்களைத் தேடிச் சேகரிக்கும் ஆர்வம் அவர்களைப் பற்றிக்கொண்டிருக்கிறது. திசைகாட்டி, தொலைநோக்கி, கப்பல் விளக்கு, நட்சத்திர உயரம் அளக்கும் கருவி என்று வாங்குகிறார்கள், ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்கிறார்கள். "ஹஜ்ரத், இது வீண் செலவா, ஆகுமான காரியமா?" என்று நம்மிடம் கேட்டார்கள். "கடலே இல்லாத கோயம்புத்தூரில் கப்பல் சாமானுக்கு என்ன வேலை?" என்று பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே இன்று விடை சொல்ல முயல்கிறோம். பெரியவரின் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

நியூசிலாந்து நாட்டின் தலைநகரான வெலிங்டனில் தே பாபா என்னும் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே உடைந்துபோன வெண்கல மணி ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1836-ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கொலன்சோ என்னும் கிறித்தவப் பாதிரியார் அந்நாட்டின் வட பகுதியில் பயணம் செய்தபோது, அங்குள்ள மாவோரிப் பழங்குடிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருக்கக் கண்டார். புயலில் வேரோடு சாய்ந்த பெருமரம் ஒன்றின் அடியில் கிடைத்ததாக அவர்கள் சொன்னார்கள். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதை அவர் மாற்றிக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. அந்த மணியின் விளிம்பைச் சுற்றி எழுத்துகள் இருந்தன. என்ன மொழி என்பது அங்கே எவருக்கும் தெரியவில்லை. பின்னரே அது தமிழ் என்பது தெளிவாயிற்று. முஹ்யித்தீன் பக்‌ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்பதே அவ்வெழுத்துகளின் பொருள்.

அன்பர்களே, அந்தப் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். பக்தாது நகரில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் திருநாமத்தைத் தாங்கிய பெயர் அது. தமிழ் பேசிய முஸ்லிம் ஒருவர், அல்லது அவர் பெயரிட்ட கப்பல், எங்கோ கடலில் போயிருக்கிறது. அதன் மணி, ஊரும் பெயரும் அறியாத கரையில் சட்டியாகிக் கிடந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு, தமிழர்கள் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் மேடைகளில் முழங்குகிறார்கள். நாம் அதை ஏற்பதற்கில்லை. மணி போயிற்று என்பதால் மனிதர் போனார் என்று ஆகாது. ஆளில்லாமல் அலைந்த கப்பலோடு போயிருக்கலாம், வேறு நாட்டுக் கப்பல்காரர் கையில் போயிருக்கலாம். அந்த மணியின் காலத்தைக் குறித்தும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. கப்பலும் போயிற்று, உரிமையாளரும் போனார், ஊரும் மறந்தது, கணக்கேடும் இல்லை. ஒருவர் அடுப்பிலிருந்து எடுத்து வைத்த அந்த ஓர் உலோகத் துண்டுதான் அவர் பெயரை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. சேகரிப்பு என்பதன் பயனைச் சொல்ல இதைவிட வேறு சான்று நமக்குத் தேவையில்லை.

கோவைக்கு வருவோம். நம் ஊரின் மேற்கே மலைத்தொடரில் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய், மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளாக வாசலாக இருந்து வருகிறது. வெள்ளலூரில் மண்ணுக்குள்ளிருந்து ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அகழ்ந்தபோது மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய தொழிற்கூடங்களின் தடயங்கள் வெளிப்பட்டன. கடலை நாம் பார்க்கவில்லையே தவிர, கடல் நம்மைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் வந்தன என்று வஸ்ஸாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். இராவுத்தர் என்னும் பெயரே குதிரையோடு சேர்ந்தது என்பதை நம்மில் பலர் அறிவோம். குதிரையின் நினைவை இராவுத்தர் குடும்பங்கள் பெருமையோடு சொல்கின்றன. அக்குதிரையை ஏற்றி வந்த கப்பலை எவரும் நினைப்பதில்லை.

நாம் அன்றாடம் வாயில் வைத்திருக்கும் சொற்களிலும் கடல் இருக்கிறது. மாலுமி என்கிறோமே, அது அரபியின் முஅல்லிம் என்னும் சொல்லிலிருந்து வந்தது. முஅல்லிம் என்றால் கற்றுக்கொடுப்பவர். கப்பலுக்கு வழி சொல்பவரையும், பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லித் தருபவரையும் ஒரே சொல்லால் அழைத்திருக்கிறார்கள் என்பதில் எம்மைப் போன்றோருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்! சுக்கான் என்பது அரபிச் சொல். நங்கூரம் பாரசீகத்தின் லங்கர். சாரங்கு, கலாசி ஆகியவையும் அவ்வழியே வந்தவை. இச்சொற்களை எவரும் எடைக்குப் போட முடியாது என்பதால் அவை பிழைத்துக்கொண்டன. பொருள்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

இனி, நமது இளைஞர்கள் தேடும் கருவிகளில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அவர்கள் கண்ணுக்குப் பித்தளைதான் தெரிகிறது. ஆனால் நம் கடலோடிகள் உண்மையில் நம்பியிருந்த கருவி ஒரு சிறு மரப்பலகை. அரபு மாலுமிகள் அதைக் கமால் என்றார்கள். சோழமண்டலக் கரையில் அதற்கு இராப்பலகை என்று பெயர் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் பலகை, நடுவில் துளை, துளையில் கோத்த நூல், நூலில் வரிசையாக முடிச்சுகள். அவ்வளவுதான். இரவில் மாலுமி வடக்கு நோக்கி நின்று, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையைக் கண்ணுக்கு நேரே நீட்டுவார். பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தில் பொருந்த வேண்டும், மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொட வேண்டும். நூலை நீட்டினால் பலகை கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும், சுருக்கினால் பெரிதாகத் தெரியும். எந்த முடிச்சைக் கடித்தபோது இரண்டு விளிம்பும் பொருந்துகின்றனவோ, அந்த முடிச்சே கப்பல் வடக்கு தெற்காக எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு. ஊர் திரும்பும்போது தம் துறையின் முடிச்சு பொருந்தும் வரை வடக்காகவோ தெற்காகவோ ஓடி, பிறகு அந்த உயரம் மாறாமல் கரையை நோக்கி நேரே வந்துவிடுவார்கள். அக்காலத்தில் அந்த நட்சத்திரம் துருவத்திலிருந்து இன்றைவிடக் கூடுதலாக விலகி நின்றது. அதற்கு வேண்டிய திருத்தத்தையும் அவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள்.

அரபு மாலுமிகள் இந்த உயரத்தை விரல் கணக்கில் சொன்னார்கள். இஸ்பஃ என்றால் விரல். வான வட்டம் முழுவதற்கும் 224 விரல். அப்படியானால் ஒரு விரல் என்பது ஏறக்குறைய 1 பாகை 36 நிமிடம். ஜூல்ஃபாரில் பிறந்த அஹ்மது இப்னு மாஜித் என்னும் பெரும் மாலுமி 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கிதாபில் இக்கணக்குகள் விரிவாக இடம்பெற்றுள்ளன. வாஸ்கோ ட காமா 1498-இல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கோழிக்கோட்டுக்கு வந்தபோது, வழி காட்டிய கீழ்த்திசை மாலுமியிடம் இத்தகைய பலகைகளைப் போர்ச்சுகீசியர் கண்டனர். அதன் பிறகு ஆங்கிலேயர்கள் இதை ஆராய்ந்தார்கள். ஜேம்ஸ் பிரின்செப் 1836-இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் அரபியரின் கடற்கருவிகளைப் பற்றி எழுதினார். காங்கிரீவ் என்னும் படை அதிகாரி 1850-இல் சென்னையிலிருந்து வெளிவந்த இதழில், சோழமண்டலக் கரைக் கடலோடிகள் கையாண்ட உபாயங்களை எழுதினார். நம் பாட்டன்மார் கையில் வைத்திருந்ததை நாம் எழுதி வைக்கவில்லை. அவர்கள் எழுதி வைத்ததால் இன்று நாம் படிக்கிறோம். இதில் கோபம் கொள்ள ஒன்றுமில்லை, வெட்கப்படுவதற்கு இருக்கிறது.

கோவைக்கு ஒரு செய்தி சொல்கிறோம், கேளுங்கள். நாகப்பட்டினம் வடக்கே 10 பாகை 46 நிமிடத்தில் இருக்கிறது. நம் கோவை ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது. அதாவது நாகைத் துறைமுகத்துக்குப் போட்ட முடிச்சைக் கடித்துக்கொண்டு சூலூர்ப் பக்கத்துத் திறந்த வெளியில் நின்று வடக்கே பார்த்தால், துருவ நட்சத்திரம் கிட்டத்தட்ட அதே விளிம்பில்தான் வந்து உட்காரும். இரண்டு ஊருக்கும் ஏழு விரலுக்குச் சற்றுக் குறைவு. காயல்பட்டினத்துக்குப் போனால் அது ஐந்து விரல் சொச்சமாக இறங்கிவிடும். பலகை இல்லாதவர்கள் கையை நேரே நீட்டி முஷ்டியைப் பிடித்துப் பாருங்கள். ஒரு முஷ்டி சுமார் 10 பாகை. அதற்குச் சற்று மேலேதான் அந்த நட்சத்திரம். கரையிலும் கடலிலும் இருளில் வழியறிய நட்சத்திரங்களை இறைவன் அமைத்துத் தந்திருப்பதைத் திருமறையின் அன்ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஓதுவதோடு மாடிக்குச் சென்று ஒருநாள் அண்ணாந்தும் பார்க்கலாம்.

பலகை மரத்தாலானது என்பதால் மக்கிப் போயிற்று, அடுப்பில் போயிற்று. பித்தளைக் கருவிகள் நிலைத்தன. அவற்றுள் தலையாயது அஸ்தர்லாப். வானத்தையே தட்டையாக்கித் தகட்டில் பொறித்த கருவி. தொழுகை நேரம், கிப்லாத் திசை, நட்சத்திர உயரம் அனைத்தையும் அதில் காணலாம். கிப்லா என்றதும் நினைவுக்கு வருகிறது. நம்மவர் பலர் கிப்லா மேற்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கோவையிலிருந்து அது நேர் மேற்கன்று, ஏறக்குறைய 21 பாகை வடக்கே சாய்ந்தது. டில்லி சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் காலத்தில், 1370-இல், மகேந்திர சூரி என்னும் சமண அறிஞர் இக்கருவியைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் யந்திரராஜம் என்னும் நூலை எழுதினார். பின்னர் முகலாயர் காலத்தில் லாகூரில் உஸ்தாத் அல்லாஹ்தாதின் வழிவந்த ஒரே குடும்பத்தார் நான்கு தலைமுறைகளாக இதைச் செய்துவந்தனர். கருவியில் தம் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் பொறித்தனர். அந்தப் பொறிப்புதான் இன்று உலகின் அருங்காட்சியகங்களில் அவர்களை அடையாளம் காட்டுகிறது. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் ராம்பூர் ரஸா நூலகத்துக்கும் செல்வோர் இத்தகைய கருவிகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், உடனே கடைக்கு ஓடி ஓர் அஸ்தர்லாப் வாங்கி வரலாம் என்று எண்ணுவோர்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினை நம்மிடம் வந்தது. பாட்டனார் காலத்தில் காயல் கரையிலிருந்து வியாபாரத்துக்காகக் கோவை வந்தவர்கள். தகப்பனார் வஃபாத்தான பின், வீட்டுப் பரணில் கப்பல் சாமான்கள் மூன்று இருந்தன. பளபளவென்ற பித்தளைத் தொலைநோக்கி ஒன்று, மரப்பெட்டியில் நட்சத்திர உயரம் அளக்கும் கருவி ஒன்று, நிறம் மங்கிய சிறு திசைகாட்டி ஒன்று. பழைய சாமான் வியாபாரி மூன்றையும் எடை போட்டு எண்ணூறு ரூபாய் என்றார். தங்கும் விடுதிகளுக்கு அலங்காரம் செய்து தருபவர் ஒருவர் வந்து, தொலைநோக்கிக்கு மட்டும் மூவாயிரம் தருவதாகச் சொன்னார். அண்ணனும் தம்பியும் தொலைநோக்கிக்காகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சகோதரிகள் இருவர் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவே இல்லை. "அது ஆண்பிள்ளைகள் சாமான் ஹஜ்ரத்" என்று அண்ணன் சொன்னார். மய்யித் விட்டுச் சென்ற ஊசியும் தரிக்காவில் சேரும், அதில் ஆண்பிள்ளை ஊசி, பெண்பிள்ளை ஊசி என்பது இல்லை என்று சொல்லி, நால்வரையும் ஒன்றாக உட்கார வைத்தோம்.

விலை தெரியாமல் பங்கு பிரிக்க முடியாது அல்லவா? வணிகக் கப்பலில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரை வரவழைத்தோம். அவர் தொலைநோக்கியைக் கையில் எடுத்தவுடன் சிரித்துவிட்டார். அதில் கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917 என்று பொறித்திருந்தது. கெல்வின் பெயர் தாங்கிய நிறுவனமும் ஹியூஸ் நிறுவனமும் ஒன்றாக இணைந்ததே 1947-இல்தான். இணையாத நிறுவனம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எப்படிப் பெயர் பொறிக்கும்? மரப்பெட்டியிலிருந்த கருவியும் அப்படியே. அதன் வளைவில் பாகைக் கோடுகள் ஒழுங்கற்றுக் கிடந்தன, நுண்ணளவு காட்டும் துணை அளவுகோல் எதனோடும் பொருந்தவில்லை, திருகாணிகள் இக்காலத்து நட்சத்திரத் தலைத் திருகாணிகள். தகப்பனார் ஏதோ கண்காட்சியில் ஆசையாக வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். எவரும் கேட்காத அந்த மங்கிய திசைகாட்டியே பழையது. அதன் வட்ட அட்டையில் திசைகள் கையால் வரையப்பட்டிருந்தன, முள் இன்னமும் வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இளைய சகோதரி அதை விலைக்கு எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஷரீஅத் வகுத்தபடி பங்கைக் கொடுத்துவிட்டார். தொலைநோக்கியை அண்ணனும் தம்பியும் இப்போது ஒருவர்மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

நகல் செய்வது பாவமன்று. உத்தரகாண்டின் ரூர்க்கியிலும், பித்தளைக்குப் பெயர்பெற்ற மொராதாபாத்திலும் கைத்தொழிலாளர்கள் இத்தகைய அலங்காரப் பொருட்களைச் செய்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். பல ஆயிரம் வீடுகளில் அடுப்பெரிய அத்தொழில் உதவுகிறது. புதியதைப் பழையது என்று சொல்லி விற்கும் இடத்தில்தான் ஹராம் நுழைகிறது. அமிலத்தில் நனைத்துக் கறுப்பேற்றி, பொய்யான ஆண்டைப் பொறித்து, நம்பி வருபவன் கையில் திணிப்பது மோசடி. இளைஞர்களே, டைட்டானிக், 1912 என்று பொறித்த எதைக் கண்டாலும் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்! உண்மையான பழைய கப்பல் சாமான் வேண்டுவோர்க்கு வேறு வழி இருக்கிறது. குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983 முதல் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். விளக்கு, மணி, கடிகாரம், வட்டச் சன்னல் எல்லாம் அங்கே சாலையோரக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நூறாண்டுப் பழமை உடையவை அல்ல. ஆனால் கடலைப் பார்த்தவை.

மோசடிக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைச் சேகரிப்போர் பேசுவதில்லை. விலை அறியாத ஒரு விதவைத் தாயின் வீட்டுக்குச் சென்று, அது அரிய பொருள் என்று நன்கு அறிந்திருந்தும் வாய் திறவாமல், எடைக்கு எடை பணம் கொடுத்து எடுத்து வருவதைத் திறமை என்று மார்தட்டுகிறார்கள். சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தை விலை தெரிவதற்கு முன்பே வழிமறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தையை அடைந்து விலையை அறிந்தபின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை விற்றவருக்கு உண்டு என்றும் ஹதீஸில் வருகிறது. பரணில் கிடக்கும் பொருளின் சொந்தக்காரரும் சந்தையை அடையாத வணிகரே என்பது நமது கருத்து. அவரிடம் விலையைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். அதனால் உங்கள் அலமாரியில் ஒரு சாமான் குறையலாம், குறையட்டும். வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டால் அது வியாபாரச் சரக்கு, ஆண்டு நிறைந்ததும் ஜகாத் கணக்கில் வரும். தம் ஆர்வத்துக்காக வீட்டில் வைத்திருப்பதற்கு அக்கணக்கு இல்லை. முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். கடன்பட்டும், குடும்பத்தின் தேவையைச் சுருக்கியும் வாங்காதவரை, பொய்யும் வஞ்சகமும் கலவாதவரை, இது ஆகுமான காரியம். பொருளின் வரலாற்றை எழுதியும் வைத்தால் நற்காரியம் என்று சொல்லவும் நாம் தயங்கமாட்டோம்.

நாட்டின் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. வரலாற்றுச் சிறப்புள்ள பொருள் நூறாண்டு கடந்ததானால் அது தொல்பொருள். கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டே போதும். தொல்பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உரிமம் இன்றி அதை விற்கும் தொழிலும் செய்யக் கூடாது. சில வகைப் பொருட்களைப் பதிவு செய்தாக வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மச்சானுக்குப் பாட்டனாரின் பழைய திசைகாட்டியைப் பெட்டியில் வைத்து அனுப்ப நினைப்போர், முதலில் தொல்லியல் துறையாரைக் கலந்து பேசுங்கள். சட்டத்தை மீறி அனுப்பினால் சிறைத் தண்டனை உண்டு.

சிறை என்றதும் நம் ஊர்ச் சிறை நினைவுக்கு வருகிறது. சுதேசிக் கப்பல் நிறுவனத்தை 1906-இல் தொடங்கிய வ.உ. சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில்தான் செக்கிழுத்தார். அந்நிறுவனத்தின் 40,000 பங்குகளில் 8,000 பங்குகளை, இரண்டு லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? கோவைச் சிறை வளாகத்தில் அந்தச் செக்கு நினைவுச் சின்னமாக இருக்கிறது. ஆண்டுதோறும் அதற்கு மாலை அணிவிக்கிறார்கள். காலியா, லாவோ என்னும் அந்த இரண்டு கப்பல்களின் மணியையோ சுக்கானையோ நாம் எங்கும் கண்டதில்லை. கப்பலோட்டியவரின் கப்பல் கிடைக்கவில்லை, அவருக்குக் கிடைத்த தண்டனை கிடைத்திருக்கிறது. கடல் இல்லாத கோவையில் கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்ட பெரியவர் ஒருமுறை அங்கே சென்று வர வேண்டும்.

இனி, நம் வீடுகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பித்தளைத் தொலைநோக்கியும் அஸ்தர்லாபும் எல்லோர் வீட்டிலும் இரா. ஆனால் கடற்பயணத்தின் தடயம் இல்லாத பழைய வீடு நமது மஹல்லாவில் குறைவு. நம் முன்னோர் பம்பாயிலிருந்து முகல் லைன் கப்பலில் ஜித்தாவுக்குச் சென்று ஹஜ் செய்தார்கள். அக்கப்பல் பயணம் 1995-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அவர்கள் கொண்டுபோன தகரப் பெட்டியின் மூடியில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய பெயரும் ஊரும் இன்னும் அழியாமல் இருக்கும். அதற்குள் ஹாஜிகளுக்குத் தந்த பயண அனுமதிச் சீட்டு இருக்கலாம். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றோர் ரஜூலா கப்பலில் போனார்கள். 1926-இல் கட்டிய அக்கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. அதன் பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்தது. அக்கப்பல்களின் பயணச் சீட்டு, துறைமுக முத்திரை குத்திய கடவுச்சீட்டு, மேல்தட்டில் நின்று எடுத்த நிழற்படம், கப்பலிலிருந்து அறபுத்தமிழில் எழுதிய கடிதம், இவை எல்லாம் கப்பல் சாமான்களே. அந்தக் கடிதங்களைப் படிக்கத் தெரிந்த பாட்டிமார்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே படிக்கச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் கடைக்குக் காயலான் கடை என்று தமிழகத்தில் பெயர். காயல்பட்டினத்து வணிகரின் பெயரால் வந்த சொல் என்று சொல்வதுண்டு. கடலோடிய ஊரின் பெயர், கடல் சாமான் கடைசியாகப் போய்ச் சேரும் கடைக்கே வைத்தாயிற்று. அக்கடைக்காரர்களை நாம் குறை சொல்லவில்லை. உக்கடம் பக்கம் அத்தொழில் செய்யும் நம் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. எழுத்துப் பொறித்த பித்தளையோ வெண்கலமோ எடைக்கு வந்தால், உருக்க அனுப்புமுன் ஒருநாள் ஒதுக்கி வையுங்கள். எழுத்து தமிழாக இருந்தாலும் அரபியாக இருந்தாலும் நமக்குத் தகவல் சொல்லுங்கள். எடைக்கான தொகையைக் கொடுத்து எடுத்துக்கொள்ள இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பழைய பித்தளையில் எழுத்தோ கோடோ இருந்தால் தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள். பெருநாளுக்கு வீடு துப்புரவு செய்யும்போது பரணிலிருந்து இறக்கி, சாம்பலும் புளியும் போட்டு நீங்கள் தேய்க்கும் தேய்ப்பில், இருநூறு ஆண்டு எழுத்து அரைமணி நேரத்தில் போய்விடும். மெல்லிய துணியால் தூசி துடைத்தால் போதும். காகிதங்களை நெகிழிப் பையில் அடைக்காமல் வெள்ளைக் காகிதத்தில் மடித்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். ஷவ்வால் மாதம் முதல் ஒவ்வொரு ஞாயிறும் அஸர் தொழுகைக்குப் பின் இளைஞர்கள் இருவர் அங்கே இருப்பார்கள். பொருளைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதில்லை, ஒப்படைக்கவும் வேண்டியதில்லை. அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நிழற்படம் ஒன்று எடுத்து, யாருடையது, எந்தக் கப்பல், யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தவரை சொன்னால் எழுதிக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதச் சொல்லியிருக்கிறோம். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்தச் சகோதரியின் திசைகாட்டி ஏறிவிட்டது. இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது.